பாலைவனத்துக்கு வண்டி கட்டியவர்: ரால்ஃப் பேக்னால்டு

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் துறை)



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இல்லாமல் இருக்காது. ஹென்றி ஃபோர்டு, ருடால்ஃப் டீசல் பற்றியெல்லாம் நம் சீனியர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டவர் காரைக் கண்டுபிடித்தவர் இல்லை. கம்பெனி நடத்தியவரும் இல்லை. கடையில் விற்ற சாதாரண வண்டியை வாங்கி, அதில் வேண்டாததைக் கழற்றி, வேண்டியதை மாட்டி, வண்டியே போக முடியாது என்று எல்லோரும் கைவிட்ட இடத்துக்குப் போனவர். போனதுகூடப் பெரிசில்லை. போனவர் திரும்பி வந்தார் பாருங்கள், அதுதான் பெரிசு!

அவர் பெயர் ரால்ஃப் ஆல்ஜர் பேக்னால்டு. இன்றைக்கு ஜீப்பைப் பார்த்தாலே பெரிய டயர் மாட்டலாமா, ஸ்பிரிங்கை உயர்த்தலாமா என்று பேசுகிற நம்மைப் போன்றவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் இவர். எதை மாட்டுவது என்பதற்கு முன்னால் எதற்காக மாட்டுவது என்று யோசிக்க வேண்டும் என்பதை இவர் வாழ்க்கையைப் போலச் சொல்லித் தருவது வேறு எதுவும் இல்லை என்றால் மிகையாகாது.

பிறப்பும் படிப்பும்

1896 ஏப்ரல் 3ஆம் நாள் இங்கிலாந்தில் டெவன்போர்ட்டில் பேக்னால்டு பிறந்தார். அப்பா ஆர்தர் பேக்னால்டு ராணுவத்தில் பொறியாளர் பிரிவு அதிகாரி. எகிப்தில் மெம்ஃபிஸ் என்ற பழைய நகரத்தில் மண்ணில் கவிழ்ந்து கிடந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் ராட்சதச் சிலையை 1887ல் தூக்கி நிமிர்த்தும் வேலையை நடத்தியவர் அவர். கனமான பொருளை எப்படித் தூக்குவது, எங்கே முட்டுக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்கும் போலிருக்கிறது. அக்கா ஈனிட் பேக்னால்டு பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஆனார்.

ரால்ஃப் வூல்விச் ராணுவக் கழகத்தில் படித்து 1915ல் பொறியாளர் பிரிவில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் இருந்தார். போர் முடிந்த பிறகு மறுபடி படிக்கப் போனார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்து முடித்து, 1921ல் மீண்டும் ராணுவத்துக்குத் திரும்பி, தகவல் தொடர்புப் பிரிவில் சேர்ந்தார். கையால் வேலை செய்தவர் புத்தகத்தைத் தேடிப் போனார். புத்தகம் படித்தவர் மறுபடி கைவேலைக்கு வந்தார். இந்த இரண்டும் அவரிடம் கடைசிவரை சேர்ந்தே இருந்தன.

மாடல் டி என்ற குதிரை

1920களின் நடுவில் அவருக்குக் கெய்ரோவில் வேலை. மற்ற அதிகாரிகள் லீவு கிடைத்தால் போலோ ஆடப் போவார்கள். இவரும் சில நண்பர்களும் ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்புவார்கள். சொந்தக் காசு, சொந்த லீவு.

மாடல் டி எப்படிப்பட்ட வண்டி என்று நமக்குத் தெரியும். சுமார் 20 குதிரைத்திறன். இரண்டே கியர். முன்னாலும் பின்னாலும் குறுக்காக வைத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங். தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போய், ஆறினது தானாகக் கீழே இறங்குகிற முறை. பெட்ரோல் பம்பும் கிடையாது, டேங்கிலிருந்து தானாக இறங்க வேண்டும். செங்குத்தான மேட்டில் பெட்ரோல் குறைவாக இருந்தால் கார்புரேட்டருக்கு வராது. அப்போது ரிவர்ஸில் ஏறவேண்டியதுதான்! நாலு வீல் டிரைவ் என்ற பேச்சே இல்லை. பின்சக்கரம் இரண்டுதான் இழுக்கும்.

அதே பாலைவனத்தில் எகிப்திய இளவரசர் கமால் எல் தின் சிட்ரோயன் கம்பெனியின் சங்கிலிப்பட்டை வண்டிகளில் போய், 1926ல் கில்ஃப் கெபிர் என்ற பெரிய பீடபூமியை உலகத்துக்குக் காட்டினார். அதற்கு முன் 1923ல் அகமது ஹசனைன் என்ற எகிப்தியர் ஒட்டகத்திலேயே போய் உவைனத் மலையைக் கண்டார். பாலைவனத்து மக்களுக்கோ அந்த வழிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவை. ஆக, பேக்னால்டு யாரும் போகாத உலகத்துக்குப் போனார் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு பணமும் ஒட்டகமும் இல்லாமல், ஊரில் எல்லாரும் ஓட்டுகிற காரையே அந்த வேலைக்குத் தயார் செய்தாரே, அதுதான் நமக்குப் பாடம்.

புதையும் சக்கரம்

மணலில் வண்டி ஏன் புதைகிறது? பவர் போதவில்லை என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். பேக்னால்டு அப்படி நினைக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் மணல் மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று பார்த்தார்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று சதுர செ.மீ.க்கு 3 கிலோ இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ. காற்றைப் பாதியாக இறக்கிவிட்டால் பரப்பு ஏறத்தாழ 400 ஆகிவிடும். பாரம் அதேதான், ஆனால் மணல் மேல் அழுத்தம் பாதி. செலவு? ஒரு பைசா கிடையாது! ஆனால் கல்லும் சரளையும் நிறைந்த கெட்டித் தரை வந்தவுடன் மறுபடி காற்று ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். அகலமான டயர், குறைந்த காற்று, கையில் பம்பு. மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு திட்டம்.

இத்தனைக்கும் மேல் புதைஞ்சுட்டா? அதற்கும் வழி வைத்திருந்தார். கெய்ரோவில் பழைய இரும்புக் கடை ஒன்றில், முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த கனமான இரும்புத் தகட்டு வாய்க்கால்கள் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம். பின்சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி அதைச் செருகிவிட்டால், சக்கரம் அதன் மேல் ஏறி வேகம் பிடித்துக்கொள்ளும். இன்றும் பாலைவனம் போகிற வண்டிகளின் பக்கவாட்டில் ஓட்டை போட்ட நீளத் தகடுகள் தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பாட்டன் இந்தப் பழைய இரும்புக் கடைச் சரக்குதான். நம் ஊர் பழைய இரும்புக் கடைகளை இனிமேல் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்போம்!

கொதிக்கும் ரேடியேட்டர்

மணலில் வண்டி லோ கியரிலேயே உறுமிக்கொண்டு போகும். வெயிலோ சொல்லவே வேண்டாம். பின்பக்கமிருந்து காற்று வீசினால் ரேடியேட்டர் கொதித்தே தீரும். நம் ஊரில் கொதித்தால் பக்கத்துக் கிணற்றிலிருந்து ஒரு குடம் எடுத்து ஊற்றலாம். அங்கே கிணறு 300, 400 கி.மீ. தள்ளி. ரேடியேட்டர் குடிப்பது மனிதன் குடிக்க வேண்டிய தண்ணீர்.

அதற்கு அவர் செய்த ஏற்பாடு மிக எளிது. ரேடியேட்டர் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்தார். வழிந்துபோகும் குழாயிலிருந்து ஒரு ரப்பர் டியூப் எடுத்து, ஃபுட்போர்டில் கட்டிய தகர டின்னுக்குள் விட்டார். டின்னில் பாதித் தண்ணீர். கொதித்து வரும் ஆவி அந்தத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டருக்குள் வெற்றிடம் உண்டாகி, டின்னில் இருப்பதை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். டின் தண்ணீரே கொதிக்க ஆரம்பித்தால் வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்தால் போதும். ஒரு சொட்டு வீண் இல்லை.

இதுபோன்ற ஏற்பாடு முதல் உலகப் போரின்போதே அந்தப் பாலைவனத்தில் ரோந்து போன கார்ப் படைகளிடம் இருந்தது. பேக்னால்டு அதைக் கைக்கொண்டு சீர்படுத்தினார். இன்று நம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் எந்தக் காரின் போனட்டைத் திறந்தாலும் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதன் வேலையும் இதேதான்.

நிழல் காட்டும் வழி

இரும்பு வண்டிக்குள் காந்தத் திசைகாட்டி சரியாக வேலை செய்யாது. ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இதற்கு மாற்றாக அவர் ஒரு சூரியத் திசைகாட்டி அமைத்தார். டிகிரி குறித்த வட்டத் தட்டு, நடுவில் நேராக நிற்கும் ஒரு ஊசி. அவ்வளவுதான். எத்தனை மணிக்குச் சூரியன் எந்தத் திசையில் இருக்கும் என்ற அட்டவணையைப் பார்த்துத் தட்டைத் திருப்பிக்கொண்டால், ஊசியின் நிழல் விழும் இடத்தை வைத்து வண்டி ஓடும்போதே திசை பிடிக்கலாம். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருங்கிவிட்டால் வண்டியும் ஓய்வெடுக்க வேண்டியதுதான். மைலேஜ் மீட்டரைப் பார்த்து, போன தூரத்தையும் திசையையும் வரிசையாக எழுதி வைப்பார்கள். இரவில் தியோடலைட் வைத்து நட்சத்திரத்தைப் பார்த்து, இருக்கும் இடத்தைச் சரிபார்ப்பார்கள். நம் சிவில் துறை நண்பர்கள் சந்தோஷப்படலாம். சர்வே தெரியாத மெக்கானிக்கு அங்கே ஊர் திரும்ப வழியில்லை.

மணல் கடல்

எகிப்துக்கும் லிபியாவுக்கும் நடுவில் பெரும் மணல் கடல் என்று ஒன்று இருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 650 கி.மீ., கிழக்கு மேற்காக 300 கி.மீ. முழுக்க மணல் குன்றுகள், கடல் அலை மாதிரி வரிசை வரிசையாக. காரில் இதைக் கடக்கவே முடியாது என்பதுதான் அன்றைய எண்ணம்.

1929லும் 1930லும் 1932லும் பேக்னால்டு குழு பயணம் போனது. இடையில் அவரை இந்தியாவின் வடமேற்கு எல்லைப் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். லீவு போட்டுவிட்டு எகிப்துக்கு வந்து பயணம் போயிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இப்போது வண்டி மாடல் ஏ. 40 குதிரைத்திறன், மூன்று கியர், தண்ணீர்ப் பம்பு உண்டு. தேவையில்லாத கனத்தையெல்லாம் கழித்துவிட்டார்கள்.

1930ல் மணல் கடலின் முதல் பெரிய குன்றின் முன்னால் வந்து நின்றபோது, மெதுவாக ஏறிப் பார்ப்போம் என்று அவர் நினைக்கவில்லை. நேராக வைத்து முழு வேகத்தில் விட்டார். வண்டி புதையவில்லை, வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டது! காற்று அடித்து அடித்து இறுக்கிய பக்கத்தில் மணல் கெட்டியாக இருக்கும், காற்று மறைவில் தானாகச் சரிந்து விழுந்த பக்கத்தில் பொலபொலவென்று இருக்கும் என்பதைப் பழக்கத்தில் கண்டுகொண்டார். ஆனால் ஏறின வேகத்திலேயே உச்சியைத் தாண்டினால் அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு. வண்டி கவிழ்ந்து ஆள் முதுகு முறியும். எங்கே வேகம், எங்கே நிதானம் என்று தெரிந்தவனுக்குத்தான் மணல் வழி விடும். அந்தப் பயணத்தில் மணல் கடலைக் கிழக்கிலிருந்து மேற்காகக் காரில் கடந்து காட்டினார்கள்.

இந்தப் பயணங்களுக்காக ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1935ல் லிபியன் சாண்ட்ஸ் என்ற பயண நூல் வந்தது. அதே ஆண்டு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

ஆறே வாரம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1939ல் ஓய்விலிருந்தவரைத் திரும்ப அழைத்து, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். மத்தியதரைக் கடலில் அந்தக் கப்பல் இன்னொன்றோடு மோதிப் பழுதாகிவிட, வழியில் எகிப்தில் இறங்க நேர்ந்தது. பாலைவனம் அவரை விடவில்லை போலும்! 1940 ஜூன் 10ல் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் கையில். தெற்கே பாலைவனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆளில்லை. தளபதி வேவல் பேக்னால்டைக் கூப்பிட்டு, படை அமைக்கக் கொடுத்த நேரம் ஆறு வாரம். அப்படிப் பிறந்ததுதான் நெடுந்தூர பாலைவனப் படை. ஆட்கள் முதலில் நியூசிலாந்துக்காரர்கள்.

வண்டிக்கு என்ன செய்தார்? ராணுவ லாரியில் அவருக்கு வேண்டியது இல்லை. எகிப்தில் கிடைத்த சாதாரண செவர்லே லாரிகளை, ஒன்றரை டன் வகையை, கடையிலும் எகிப்து ராணுவத்திடமும் தேடிப் பிடித்தார். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள். கதவு, முன்கண்ணாடி, கூரை எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஆவியைத் தண்ணீராக்கும் டின், சூரியத் திசைகாட்டி, அகல டயர், இரும்பு வாய்க்கால், சாக்குப் பாய், வயர்லெஸ்ஸுக்குத் தனிப் பெட்டி, துப்பாக்கி நிறுத்தக் கம்பம் எல்லாம் ஏறின. ஒரு ரோந்துக் குழுவில் முதலில் 30 பேர், 11 வண்டிகள். வழியில் யார் உதவியும் இல்லாமல் மூன்று வாரம், ஏறத்தாழ 1,800 கி.மீ. ஓடிவர வேண்டும்.

தண்ணீரை மட்டும் எண்ணிப் பார்ப்போம். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால், 30 பேருக்கு 21 நாளுக்கு 2,520 லிட்டர். இரண்டரை டன்! இதற்கு மேல்தான் பெட்ரோல், சாப்பாடு, குண்டு, ஸ்பேர் டயர். இவ்வளவும் எந்த ஸ்பிரிங் மேல் உட்காரும்?

பட்டை கூட்டுவது சும்மா வேலையா?

இங்கேதான் நான் என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் வேலை பார்க்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டிலேயே பத்தாவது தாண்டியது நான்தான் முதல். ஆனால் லாரி தூரத்தில் வரும்போதே எந்தப் பக்கம் பட்டை உட்கார்ந்திருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். சம்மட்டியால் தட்டின சத்தத்திலேயே பட்டையில் விரிசல் இருப்பதைக் கண்டுபிடிப்பார். பேக்னால்டின் லாரிகளுக்கும் லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினார்கள் என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் அப்பா வேலை அல்லவா அது!

நம் டிசைன் பாடத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கின் விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதம், தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதம், நீளத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதம். எட்டுப் பட்டை இருந்த இடத்தில் அதே அளவில் பத்து ஆக்கினால் விறைப்பு 25 சதவீதம் கூடும். அதற்குப் பதிலாக 6 மி.மீ. பட்டைகளையெல்லாம் 7 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 59 சதவீதம் கூடிவிடும்! ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் வண்டியே வேறு வண்டி.

பாரமும் 25 சதவீதம் கூடினால், பத்துப் பட்டை ஸ்பிரிங் முன்பு போலவே அதே அளவு அமுங்கும். வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும், ஆட்டமும் அதேபோல இருக்கும். சரி, ஆனால் பாலைவன வண்டி போகும்போதுதான் கனம். பெட்ரோலும் தண்ணீரும் தீரத் தீர, திரும்பி வரும்போது பாதி காலி. அப்போது அதே ஸ்பிரிங் கட்டை மாதிரி இருக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். அந்த அடியெல்லாம் ஷேக்கில் பின்னுக்கும், பிராக்கெட்டுக்கும், சேஸிஸுக்கும் போகும். அதனால் பட்டை கூட்டுகிறவன் போகிற பாரத்தையும் பார்க்க வேண்டும், வருகிற பாரத்தையும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு லோடு வண்டிக்காரர், ஜல்லி கூட ஏற்றலாம் என்று பட்டை மேல் பட்டை கூட்டிக்கொண்டே போனார். வண்டி உட்காரவில்லை, நிமிர்ந்தே நின்றது. அதைப் பார்த்து இன்னும் ஏற்றினார். ஸ்பிரிங் தாங்கியது, பிரேக் தாங்கவில்லை. இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய்ப் புளியமரத்தில் மோதி, கிளீனர் பையன் ஒருவன் ஒரு காலை இழந்தான். அவனுக்கு என் வயசுதான். ஒரு பாகத்தை மாற்றினால் மற்ற எல்லாப் பாகத்தையும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து எனக்குப் பரீட்சைக்குப் படிக்கிற வரி இல்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியின் அடிப்படை விவரங்கள் மாறும்படி மாற்றம் செய்யக் கட்டுப்பாடு வைத்திருப்பதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

நாலு வீல் டிரைவ் வந்த கதை

1941ன் தொடக்கத்தில் அந்தப் படைக்கு ஃபோர்டு எஃப்-30 என்ற கனடா நாட்டு லாரிகள் வந்தன. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி! நாமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்போம். ஆனால் அந்த வண்டி அதிகக் கனம். பெட்ரோலும் அதிகம் குடித்தது. எஞ்சின் ஓட்டுநர் அருகிலேயே இருந்ததால் சூடு வேறு.

கனமும் பெட்ரோலும் எப்படி ஒன்றையொன்று வளர்க்கும் என்று பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு வண்டி லிட்டருக்கு 4 கி.மீ., இன்னொன்று 3 கி.மீ. என்று வைப்போம். 1,800 கி.மீ. போக முதல் வண்டிக்கு 450 லிட்டர், இரண்டாவதுக்கு 600 லிட்டர். வித்தியாசம் 150 லிட்டர், சுமார் 110 கிலோ. அந்த 110 கிலோவைச் சுமக்க இன்னும் பெட்ரோல். அதை வைக்க இன்னும் டின். அந்தப் பெட்ரோலும் நாலு காலன் மெல்லிய தகர டின்னில் வந்தது. வண்டி குலுங்கினால் மூட்டு விட்டு ஒழுகும். இறுக்கமாக மூடும் ஜெர்மன் கேன்கள் கைக்குக் கிடைத்தபோது அதற்கு இருந்த மவுசே தனி!

கடைசியில் 1942 மார்ச் முதல், அந்தப் படைக்கென்றே தருவித்த செவர்லே லாரிகள் வந்தன. அவை மறுபடியும் இரண்டு சக்கரம் இழுப்பவைதான். அந்த ஆண்டின் நடுவில், முன்னால் போய் வழி பார்க்கும் குழுத் தலைவர்களுக்கு நாலு வீல் டிரைவ் ஜீப் கொடுத்தார்கள். எடை குறைந்த ஜீப்புக்கு நாலு சக்கரம் இழுப்பது லாபம். பாரம் சுமக்கும் லாரிக்கு அது பாரம். ஒரே சாமான் ஓர் இடத்தில் நன்மை, இன்னோர் இடத்தில் சுமை. கடைக்காரர் காட்டுகிறார் என்பதற்காக மாட்டினால் பணமும் போகும், பாதி வழியில் உயிரும் போகும்.

இதற்குள் பேக்னால்டு 1941 ஆகஸ்டில் பொறுப்பைத் தன் பழைய பயணத் தோழர் கை பிரெண்டர்காஸ்டிடம் ஒப்படைத்துவிட்டு மேல் பதவிக்குப் போயிருந்தார். அவர் இல்லாமலும் படை நன்றாகவே நடந்தது. தான் போனபிறகும் ஓடுகிற மாதிரி ஒன்றை அமைப்பதுதான் நல்ல பொறியாளருக்கு அடையாளம்.

மணலைப் படித்தவர்

மணலோடு போராடினவர் மணலிடமே பாடம் கேட்கவும் போனார். 1935க்குப் பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில், கண்ணாடி பதித்த காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டினார். அதில் மணலைப் பரப்பிக் காற்றை ஊதி, ஒவ்வொரு மணியும் எப்படித் துள்ளி விழுந்து அடுத்த மணியைத் தட்டி எழுப்புகிறது என்று கவனித்தார். ஆய்வுக்கூடத்தில் கண்டது உண்மைதானா என்று பார்க்க 1938ல் மறுபடி லிபியப் பாலைவனத்துக்கே போனார். 1941ல், போருக்கு நடுவில், காற்றில் பறக்கும் மணலின் இயற்பியல் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1944ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. பேராசிரியர் வேலையில் இல்லாத, டாக்டர் பட்டத்துக்குப் படிக்காத ஒரு ராணுவப் பொறியாளருக்கு இது லேசில் கிடைப்பதா?

1946ல் டோரதி பிளாங்க் என்பவரை மணந்தார். இரண்டு பிள்ளைகள். அதன் பிறகும் ஆற்றில் மணல் எப்படி அடித்துச் செல்லப்படுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1970ல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பென்ரோஸ் பதக்கமும், 1971ல் லண்டன் நிலவியல் சங்கத்தின் வொல்லாஸ்டன் பதக்கமும் கிடைத்தன. 1990 மே 28ல், 94ஆவது வயதில் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய கியூரியாசிட்டி வண்டி 2015ல் அங்குள்ள மணல் குன்றுகளின் பக்கம் போனது. அந்தக் குன்றுகளுக்கு விஞ்ஞானிகள் வைத்திருந்த பெயர் பேக்னால்டு குன்றுகள்! இரண்டே கியர் மாடல் டி ஓட்டினவர் பெயர் செவ்வாய்க் கிரகம் வரை போய்விட்டது. அங்கே போன வண்டிக்கும் அதே கேள்விகள்தான்: எவ்வளவு கனம், எந்தச் சக்கரம், புதைந்தால் என்ன செய்வது?

நமக்கு என்ன?

நண்பர்களே, இவர் கதையைப் படித்த பிறகு நான் ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதி என் டிராயிங் போர்டில் ஒட்டியிருக்கிறேன். எங்கே போக வேண்டும்? எவ்வளவு தூரம், எத்தனை நாள்? எவ்வளவு பாரம், போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு? எதைக் கழற்றலாம்? கெட்டுப் போனால் கையில் என்ன இருக்கிறது? இவற்றுக்குப் பதில் எழுதிய பிறகுதான் என்ன மாட்டலாம் என்ற ஆறாவது கேள்விக்கு வரவேண்டும். நாம் வழக்கமாக ஆறாவதில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம்.

டிப்ளமோதானே என்று நம்மைச் சிலர் சாதாரணமாக நினைக்கலாம். பட்டறைக்காரன் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று என் காதுபடவே சொன்னவர்களும் உண்டு. பட்டறையில் இருப்பது அறிவு. புத்தகத்தில் இருப்பதும் அறிவு. இரண்டும் ஒரே மண்டைக்குள் சந்திக்க வேண்டிய இடம்தான் பாலிடெக்னிக். அப்பா சத்தத்தில் கண்டுபிடிக்கும் விரிசலுக்கு நான் சூத்திரத்தில் காரணம் சொல்லத் தெரிந்துகொண்டால், அவர் பட்ட கஷ்டத்துக்கு அதைவிடப் பெரிய கைம்மாறு என்ன இருக்கிறது?

அடுத்து வரும் இரண்டாம் ஆண்டு தம்பி தங்கைகளே, புராஜெக்டுக்கு ஜீப்பை எடுத்தாலும் சரி, டிராக்டர் டிரெய்லரை எடுத்தாலும் சரி, ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் பென்சிலைத் தொடுங்கள். கணக்குப் போட்டுக் கிளம்பின வண்டி வீடு வந்து சேரும்.